பிள்ளைக்கு ‘மாரி’ என்று பெயர் வைக்கலாமா?

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறாள். கார்த்திகை அடைமழையில் பிறந்த பெண் பிள்ளை. அம்மம்மாவின் பெயர் மாரிமுத்து. அவருடைய நினைவாகப் பிள்ளைக்கு ‘மாரி’ என்று வைக்க ஆசை. மாமி ஒத்துக்கொள்ளவில்லை. “அது அம்மாள் வருத்தத்தின் பெயர், பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம்” என்கிறாராம். அம்மாள் வருத்தம் என்று எங்கள் பக்கம் சொல்வது அம்மை நோயை. கணவர் ஓர் அகராதியைப் பார்த்துவிட்டு, மரணம், கொள்ளைநோய் என்றெல்லாம் போட்டிருக்கிறது என்று பயந்து போயிருக்கிறார். ‘மாரி என்றால் மழை என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், எது சரி?’ என்பது அவளுடைய கேள்வி.

மகள், நீங்கள் படித்ததும் சரி, உங்கள் கணவர் அகராதியில் பார்த்ததும் சரி. ஒரே எழுத்துகளால் எழுதப்படும் இரண்டு சொற்கள் இவை. ஒன்று மழை, மற்றது நோய். இந்த இரண்டும் பிறகு ஒரு தெய்வத்தின் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டு எப்படி விழுந்தது என்று தெரிந்தால் உங்கள் மாமியின் பயமும் புரியும், அந்தப் பெயரை ஏன் விடத் தேவையில்லை என்பதும் புரியும்.

முதலில் மழையைப் பார்ப்போம், ஏனென்றால் நமது எழுத்தில் முதலில் வருவது அதுதான். புறநானூற்றின் 107ஆவது பாட்டு கபிலருடையது. எல்லாப் புலவர்களும் பாரி பாரி என்று அவன் ஒருவனையே புகழ்கிறார்களே என்று தொடங்கி, ‘பாரி ஒருவனும் அல்லன், மாரியும் உண்டு ஈண்டு உலகு புரப்பதுவே’ என்று முடிக்கிறார். உலகத்தைக் காப்பாற்றப் பாரி மட்டுமா இருக்கிறான், மாரியும் இருக்கிறதே என்கிறார். பழிப்பது போலத் தொடங்கி, தன் நண்பனை மழைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். வள்ளுவர் ஒப்புரவு அதிகாரத்தை இதே சொல்லை வைத்துத்தான் தொடங்குகிறார்: ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு.’ மாரிக்கு இந்த உலகம் என்ன திருப்பிக் கொடுத்துவிட முடியும்? ஒன்றும் இல்லை. அதுவும் கேட்பதில்லை. இந்த இரண்டு இடத்திலும் மாரி என்பது வானத்திலிருந்து விழும் தண்ணீர் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற ஒன்றின் பெயர் அது. ஒரு பெண் பிள்ளைக்கு இதைவிட நல்ல பொருள் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகும் மழைப் பொருள் அறுபடாமல் ஓடி வருகிறது. ஆண்டாள் மார்கழிப் பாட்டில் ‘திங்கள் மும்மாரி பெய்து’ என்கிறாள். ‘மாரி அல்லது காரியம் இல்லை’ என்று கொன்றை வேந்தனில் சின்னப் பிள்ளைகளாகவே மனப்பாடம் செய்தோம். நம்முடைய வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் அரசன் கொலுவுக்கு வந்து அமர்ந்ததும் மந்திரியிடம் கேட்கும் கேள்வி எது? ‘மாதம் மும்மாரி பொழிகிறதா?’ அரசாங்கம் நன்றாக நடக்கிறதா என்று அறிய, களரியில் முதலில் மழையைத்தான் விசாரிக்கிறார்கள். அம்பு மாரி, பூமாரி, பொன்மாரி என்று எதையும் மிகுதியாகச் சொரிவதற்கு இந்தச் சொல்லைப் பின்னால் சேர்ப்பதும் மழையின் குணத்தை வைத்துத்தான்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது ஏட்டுச் சொல்லாகிவிடவில்லை. தமிழ்நாட்டில் இன்று பேச்சில் மழைக்காலம் என்பார்கள். நாங்கள் மாரி காலம் என்கிறோம். வருஷத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் மட்டக்களப்பில், அதன் பெரும்பங்கு ஐப்பசி முதல் தைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வட்டைகள், அதாவது வயல்வெளிகள், காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஆகவே மாரி என்பது எங்களுக்கு ஒரு பருவத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. மாரி மழையில் செய்யும் பெரிய நெற்பருவமான பெரும்போகத்தை மட்டக்களப்பில் முன்மாரி என்கிறார்கள். முன்மாரி வேளாண்மை, முன்மாரி விதைப்பு என்று விவசாயக் கூட்டங்களில் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்கலாம். தமிழ் வேதாகமத்திலும் ‘முன்மாரியும் பின்மாரியும்’ என்று உபாகமத்திலும் யோவேலிலும் வருகிறது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்பில் வந்து இறங்கியது 1814இல். அந்தத் தேவாலய வழியில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, வேதத்தில் அந்த வசனத்தை வாசிக்கும்போது தன் தகப்பனின் வயல் கண்ணில் தெரியும். இப்படி அமைவது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

மாரிக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதையும் நாங்கள் அறிவோம். 1957 மார்கழி வெள்ளத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பையே புரட்டிப்போட்டது. 2011 ஜனவரியில் விளைந்து நின்ற வேளாண்மை தண்ணீருக்குள் போனது. வாவி நிரம்பி ஊருக்குள் ஏறினால் முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு வழி விட வேண்டியிருக்கும். கொடுப்பதும் அதுதான், அளவு மீறினால் எடுப்பதும் அதுதான். இதைப் பின்னால் தெய்வத்தைப் பற்றிப் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மழைச் சொல் எங்கிருந்து பிறந்தது? ‘மா’ என்பதற்குக் கருமை என்ற பொருள் உண்டு. கார் என்ற சொல் கருமையிலிருந்து மேகத்துக்கும் மழைக்கும் போனது போல மாரியும் போயிருக்கலாம் என்று ஒரு கருத்து. நீரைக் குறிக்கும் ‘வாரி’ என்ற சொல்லோடு உறவுள்ளது என்பது இன்னொன்று. வடமொழியிலும் வாரி என்றால் நீர். நமது குறளிலும் ‘புயல்என்னும் வாரி’ என்று வருகிறது; அங்கே மழை உழவனுக்கு வருகிற வருவாயாக நிற்கிறது. தமிழில் வகரமும் மகரமும் அடிக்கடி இடம் மாறும். விழி முழியாகும், விஞ்சு மிஞ்சாகும். வானத்தை நம்பிய பயிரை ‘வானவாரி’ என்றார்கள். அது வாயில் புரண்டு ‘மானாவாரி’ ஆகிவிட்டது. நம் பகுதியில் குளத்து நீர் கிடைக்காத வயல்களை மானாவாரி என்கிறோமே, அதே சொல்தான். எனக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. மானாவாரி வயலின் வரம்பில் நடந்தவனுக்கு அது நெருக்கமாகப் படுவது இயல்புதானே. வேர் எதுவானாலும் சங்கப் பாட்டில் மாரி மழைதான் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

சரி, நோய்க்கு வருவோம். வடமொழியில் ‘மாரீ’ என்றொரு சொல் உண்டு. மரணம், மாரகம் என்பவற்றுக்கு அடியாக இருக்கிற அதே வேரிலிருந்து வந்தது. கொல்லும் நோய், கொள்ளைநோய் என்று பொருள். இந்தியில் இன்றைக்கும் உலகு தழுவிய தொற்றை ‘மகாமாரி’ என்பார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் இந்திச் செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் அங்கேயே அது தெய்வத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. தேவி மகாத்மியம் அம்பிகையை மகாமாரி வடிவினள் என்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மாரி என்றால் ஊர்த்தெய்வம், நோயைக் கொண்டு வருபவள், கொண்டு போகிறவளும் அவளே. கர்நாடகத்தில் சிர்சி என்ற ஊரின் மாரிகாம்பா கோயில் பெயர்பெற்றது. அந்த மொழிகளில் மாரிக்கு மழை என்ற பொருள் வழக்கில் இல்லை. மழையும் நோயும் ஒரே எழுத்துக்குள் வந்து நின்றது தமிழிலும் மலையாளத்திலும்தான்.

உங்கள் கணவர் பார்த்த அகராதி இரண்டையும் தனித்தனிச் சொல்லாகத்தான் போட்டிருக்கும். இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருப்பார்.

இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் முன்னால் நிற்கும் உரைபெறு கட்டுரையைத்தான் நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன். சின்னப் பகுதி, உரைநடை. கண்ணகி மதுரையை எரித்த நாளிலிருந்து பாண்டிய நாட்டில் என்ன நடந்தது? ‘மழை வறங்கூர்ந்து வறுமை எய்தி வெப்புநோயும் குருவும் தொடர’ என்கிறது. மழை பொய்த்தது. வெப்பு நோய் வந்தது. குரு என்றால் உடம்பில் எழும் கொப்புளம். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளுக்குச் சாந்தி செய்த பிறகு மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கியதாம். பாருங்கள், இங்கே நோய்க்கு மாரி என்ற பெயர் இல்லை. வெப்பு, குரு என்றுதான் இருக்கிறது. ஆனால் கதையின் கட்டு முழுவதும் தயாராக இருக்கிறது: கோபம் கொண்ட ஒரு பெண், மழை இல்லை, உடம்பில் கொப்புளம், அவள் குளிர்ந்தால் மழை வரும், கொப்புளம் ஆறும். வடக்கிலிருந்து நோயின் பெயராக ‘மாரி’ வந்து சேர்ந்தபோது, அந்த ஒலிக்குத் தமிழன் காதில் ஏற்கெனவே மழை என்ற பொருள் இருந்தது. நோயைத் தருபவளின் பெயரே நோயை ஆற்றும் மழையின் பெயரும் ஆயிற்று. சனங்கள் இதை ஒரு தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளதுதான் என்று நம்பினார்கள்.

அதே கட்டுரையில் நம்முடைய நாடும் வருகிறது. கடல்சூழ் இலங்கைக் கயவாகு என்ற மன்னன் அவளுக்குக் கோட்டம் எடுத்து ஆடித்திங்களில் விழா எடுத்தான். ‘மழை வீற்றிருந்து வளம்பல பெருகிப் பிழையா விளையுள் நாடாயிற்று’ என்று அந்தப் பகுதி முடிகிறது. பிழைக்காத விளைச்சல்! வெல்லாவெளியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு விவசாயி அம்மனிடம் கேட்பதும் இந்த ஒரு வரியைத்தான்.

கண்ணகியைக் கண்ணகை அம்மன் என்று கும்பிடும் கோயில்கள் கிழக்கில் எத்தனை! தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு, செட்டிபாளையம் என்று கரையோரம் நெடுக இருக்கின்றன. வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அந்தக் காலம் எது என்று யோசித்தீர்களா? மாரி போய் வெகு நாளாகி, மேற்கிலிருந்து கச்சான் காற்று சுடச்சுட வீசத் தொடங்கும் காலம். கிணறு அடிமட்டத்துக்குப் போகும், உடம்பு காந்தும், அம்மாள் வருத்தமும் தலைகாட்டும். சடங்கின் முடிவு குளிர்த்தி. பேச்சில் குளுத்தி என்போம். மதுரையை எரித்த வெக்கையோடு வந்தவளை இடைச்சேரிப் பெண்கள் குளிரச் செய்தார்கள் என்பது கதை. குளிர்த்திப் பாட்டுப் படிக்க, வேப்பங்குழையால் நீரைத் தெளிப்பார்கள். ஒரு துளியாவது தன்மேல் படாதா என்று கூட்டம் முண்டியடிக்கும். கொம்புமுறி விளையாட்டும் அவளுக்காகத்தான், மழை வேண்டியும் நோய் நீங்கவும் ஊரே இரண்டு சேரியாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி இழுப்பது. மழைக்காவியம் என்று பாடுவதற்கென்றே ஒரு பாட்டு வகையும் இங்கே உண்டு. கண்ணகை வேறு, மாரி வேறு என்று பிரித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோயில் உள்ள ஊர்களும் உண்டு. ஆனால் நோய் வந்த வீட்டில் ‘அம்மாள்’ என்று கூப்பிடும்போது எந்தத் தாயும் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

எனக்கு எட்டு வயதில் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்தது. அம்மம்மா அதை நோய் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. “அம்மாள் வந்திருக்கிறா” என்றார். வாசலில் வேப்பங்குழை கட்டினார்கள். வீட்டில் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை. யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. விருந்தாளி வந்த வீடு போல ஒரு மரியாதை. இளநீரும் மோரும் தந்தார்கள். கொப்புளம் காய்ந்ததும் வெயிலில் வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பங்குழையும் போட்டுத் தலைக்கு வார்த்தார்கள். அந்தத் தண்ணீர் முதுகில் ஓடிய சுகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் நடுங்கியபோது அம்மம்மா சொன்னார், “பயப்பிடாத மனே, அம்மாள் குளிர்ந்து போறா.” உங்கள் மாமியின் பயம் இப்படியான ஒரு வீட்டிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். அவருடைய தாயோ பாட்டியோ பெரியம்மைக் காலத்தைக் கண்டிருப்பார்கள். அது சும்மா பயம் இல்லை. ஊரில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன நோய். அந்தப் பெரியம்மை உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்துவிட்டது. தடுப்பூசி அதைத் துடைத்துவிட்டது. இன்று நாம் அம்மாள் வருத்தம் என்பது பெரும்பாலும் கொப்புளிப்பானைத்தான். மாமியிடம் பேசும்போது இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அவருடைய பயத்தைச் சிறுமைப்படுத்தாமல்.

அப்புறம் ஒன்று. நோயின் பெயரென்று பயந்திருந்தால் நம் முன்னோர் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைத்திருப்பார்களா? மாரிமுத்து, முத்துமாரி, மாரியம்மை, மாரியப்பன், மாரிச்செல்வி என்று எத்தனை! ஆணுக்கும் வைத்தார்கள், பெண்ணுக்கும் வைத்தார்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற தமிழ்நாட்டுப் பிள்ளையின் பெயர் மாரியப்பன். உங்கள் அம்மம்மாவின் பெயரில் உள்ள முத்தும் சும்மா வந்ததில்லை. அம்மைக் கொப்புளத்தை முத்து என்பது வழக்கம்; நாம் சின்னமுத்து என்கிறோமே, அந்த முத்துத்தான். நோயில் தப்பிய பிள்ளைக்கும், அம்மாளுக்கு நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளைக்கும் மாரிமுத்து என்று வைப்பார்கள். ‘இது உன்னுடைய பிள்ளை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று அவளிடமே ஒப்படைக்கிற பெயர் அது. அவளுடைய பெயரைச் சுமக்கும் பிள்ளைக்கு அவளே காவல் என்பதுதான் அந்தக் காலத்து நம்பிக்கை. உங்கள் அம்மம்மா எந்த ஆண்டில், எந்த மாதத்தில் பிறந்தார், அந்த நேரம் ஊரில் என்ன நடந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு கதை கிடைக்கும் என்று நம்புகிறேன். அந்தக் கதையை மாமிக்குச் சொன்னால், நான் இங்கே எழுதியதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் ‘மேரியா?’ என்று கேட்கக்கூடும். மேரி, மரியாள், காத்தான்குடியில் நம் அயலவர் வைக்கும் மர்யம், எல்லாம் மிரியாம் என்ற எபிரேயப் பெயர் வழி வந்தவை. மாரிக்கும் அவற்றுக்கும் உறவு கிடையாது, காதுக்கு மட்டும் ஒன்றுபோலப் படும். ஒரே கரையில் இருக்கிற பிள்ளைகள் ஒன்றுபோல ஒலிக்கும் பெயரோடு வளர்வது நல்லதுதான்.

என்னிடம் கேட்டால் தாராளமாக வையுங்கள் என்பேன். மாமிக்கு மனம் ஒப்பவில்லையென்றால் மாரிச்செல்வி என்று பதிந்துவிட்டு வீட்டில் மாரி என்று கூப்பிடுங்கள். அதில் மழையின் செல்வமும் வரும், அம்மாளின் செல்லமும் வரும். பூமாரி என்பதும் அழகான பெயர், அதில் நோயின் நிழல் யாருக்கும் தோன்றாது. ஆனால் கார்த்திகை மழையில் பிறந்த பிள்ளை. எனக்கு வெறும் மாரிதான் பிடித்திருக்கிறது.

எழுத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இடையின ‘ர’ போட வேண்டும். வல்லின ‘ற’ போட்டால் ‘மாறி’, அதாவது மாற்றமடைந்து என்று ஆகிவிடும். நம் பேச்சில் இரண்டும் நெருங்கி ஒலிப்பதால் எழுதுகிறவர்கள் தவறிவிடுகிறார்கள். என் பெரியம்மாவின் பிறப்புப் பதிவில் ஓர் அலுவலகத்தில் ‘மாறிமுத்து’ என்று எழுதிவிட்டார்கள். அவருடைய காணி உறுதியில் சரியான பெயர் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, அறுபது வயதுக்கு மேல் அவர் சத்தியக் கடதாசியோடு அலைந்தார். பதிவாளரிடம் போகும்போது பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். அவர் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.